ஒரே உலை, இரண்டு கணக்கு: அமெரிக்க உணவு உதவியில் குடியுரிமையும் குடும்ப வருமானமும்



இந்த மேடையில் நிலம் பற்றியும் கூலி பற்றியும் கோயில் நுழைவு பற்றியும் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு விண்ணப்பப் படிவத்தின் வரலாறு. அமெரிக்காவில் ஏழைகள் உணவு உதவி கேட்டு நிரப்பும் படிவம் அது. அதில் இரண்டு கேள்விகள் முக்கியமானவை. உன் வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்பது ஒன்று. அவர்களில் யார் இந்த நாட்டவர் என்பது மற்றொன்று. முதலாவது வெறும் கணக்குப் போலவும் இரண்டாவது வெறும் சட்டம் போலவும் தெரியும். இரண்டும் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்து பேசுவதால் ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ரேஷன் கடை அரிசிக்கு வருமான வரம்பு என்ற பேச்சு பெரிதாக இல்லை. அட்டை இருந்தால் போதும். அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே ஸ்னாப் என்று இன்று அழைக்கப்படும் திட்டத்தின் பழைய பெயர் ஃபுட் ஸ்டாம்ப், அதாவது உணவுச் சீட்டு. 2008-இல்தான் பெயர் மாறியது. மாதத்துக்குச் சுமார் 4 கோடிப் பேர் அதன் மூலம் உணவு வாங்குகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் ஏழ்மையை எண்களால் மெய்ப்பித்தாக வேண்டும். பொதுவிதியாக, மொத்த வருமானம் ஒன்றிய அரசின் வறுமைக்கோட்டில் 130 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கழிவுகள் போக மிஞ்சும் வருமானம் வறுமைக்கோட்டைத் தாண்டக் கூடாது. அந்த மிச்ச வருமானத்தில் 30 சதவீதத்தை உணவுக்குச் செலவிட முடியும் என்று அரசு எடுத்துக்கொள்கிறது. குடும்ப அளவுக்கு உரிய உச்சத் தொகையிலிருந்து அதைக் கழித்து மீதியைத் தருகிறது.

உலை ஒன்று, கணக்கு இரண்டு

குடும்பம் என்றால் யார்? இந்தத் திட்டத்தின் விளக்கம் நம் ஊர்ப் பேச்சுக்கு நெருக்கமானது. ஒன்றாக வசித்து, ஒன்றாக உணவுப் பொருள் வாங்கி, ஒன்றாகச் சமைப்பவர்கள் ஒரு குடும்பம். சுருக்கமாக, ஒரே உலையில் சோறு பொங்குபவர்கள்.

இப்போது ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். தாய்க்குப் பல ஆண்டுகளாகக் கிரீன் கார்டு இருக்கிறது. தந்தை ஆவணமற்றவர். அவருக்கு உணவு உதவி பெறும் தகுதி இல்லை. எனவே குடும்பத்தின் அளவு மூன்று என்றாகிறது. நான்காவது வயிறு கணக்கில் இல்லை.

ஆனால் அவர் கொண்டுவரும் கூலி கணக்கில் உண்டு. எப்படி எண்ணுவது என்பதில் சட்டம் மாநிலங்களுக்கு ஒரு விருப்பம் தருகிறது. அவர் மாதம் 2000 டாலர் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறையில், அதை நான்காகப் பிரித்து, அவருக்குரிய 500 டாலரை விலக்கி, 1500 டாலரை மூவரின் வருமானமாக எண்ணலாம். மற்றொரு முறையில், 2000 டாலரையும் அப்படியே மூவரின் தலையில் ஏற்றலாம். உண்மையில் அந்த வீட்டில் தலைக்கு 500 டாலர். இரண்டாவது முறையின் காகிதத்தில் தலைக்குச் சுமார் 667 டாலர். உழைப்பவனின் வயிற்றை அழித்துவிட்டு, அவன் உழைப்பை மட்டும் வைத்துக்கொண்டதால், ஒரு டாலர்கூடக் கூடாமலேயே அந்தக் குடும்பம் வசதியானதாகிவிடுகிறது. நஷ்டம் தந்தைக்கு மட்டுமல்ல, குடிமக்களாகிய அந்தப் பிள்ளைகளின் தட்டிலும் அது விழுகிறது.

களத்தில் நம் ஆள் வேண்டும், பந்தியில் நம் ஆள் கூடாது என்ற நியாயத்தை நாம் தலைமுறைகளாக அறிவோம். அங்கே அது சாதியின் பெயரால் நடப்பதில்லை. குடியேற்ற நிலை என்ற பெயரால், எண்களின் மொழியில் நடக்கிறது. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

வாசலில் எழுதப்பட்ட நிபந்தனை

1882-ஆம் ஆண்டு அமெரிக்கா இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. இருப்புப்பாதை போட அவர்களின் கைகள் தேவைப்பட்ட காலம் அப்போது முடிந்திருந்தது. மற்றொன்று பொதுக் குடியேற்றச் சட்டம். அரசுக்குப் பாரமாகக்கூடியவர் என்று கருதப்படுபவரைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பலாம் என்றது. ஏழ்மையும் அயல்நாட்டவர் என்ற நிலையும் சேர்ந்தால் குற்றம் என்ற எண்ணம் அன்று சட்டமானது. இன்றுவரை அது நீக்கப்படவில்லை.

குடியுரிமையின் கதவு யாருக்குத் திறந்தது என்பதற்கு நம் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி உண்டு. பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றார். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே அன்று குடியேறிக் குடியுரிமை பெறும் வழி இருந்தது. தான் உயர்சாதி இந்து, ஆரிய ரத்தம், எனவே வெள்ளையன் என்பது அவர் தரப்பு வாதம். சாதி விட்டுச் சாதி மணம் செய்யாத வழக்கமே அந்த ரத்தத்தின் தூய்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 1923-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரின் குடியுரிமையும் அதைத் தொடர்ந்து பறிக்கப்பட்டது. வாசலில் நிற்பவன், தனக்குக் கீழே ஒருவனைக் காட்டி உள்ளே போக முயன்ற கதை இது. சாதியை எடுத்துக் காட்டியும் கதவு திறக்கவில்லை. இந்தியருக்கு அந்த உரிமை 1946-இல்தான் சட்டத்தின் வழியே வந்தது.

1930-களின் பெருமந்தத்தில் பசி அந்த நாட்டையே பிடித்தது. அப்போது லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தின் நிவாரண அலுவலகமே மெக்சிகோ வம்சாவளி ஏழைகளுக்கு ரயில் கட்டணம் செலுத்தி எல்லைக்கு அப்பால் அனுப்பியது. சோறு போடுவதைவிட டிக்கெட் மலிவு என்ற கணக்கு. நாடு முழுவதும் இப்படி லட்சக்கணக்கானோர் போனார்கள், அல்லது போக வைக்கப்பட்டார்கள். அவர்களில் ஏராளமானோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். கலிபோர்னியா 2005-இல் சட்டம் இயற்றி இதற்கு மன்னிப்புக் கேட்டது. கையில் குடியுரிமை இருந்தும், முகமும் மொழியும் ஏழ்மையும் சேர்ந்தபோது அது காக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதியோர் ஓய்வூதியத்திலிருந்து விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் விலக்கப்பட்டார்கள். தென் மாநிலங்களில் அந்த வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. தொழிலின் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

உபரிக்கு வழி, பசிக்கு விலை

முதல் உணவுச் சீட்டுத் திட்டம் 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் தொடங்கியது. விற்காமல் தேங்கிய விளைபொருளுக்கு வழி காண்பதும், நிவாரணம் பெறுவோருக்கு உணவு தருவதும் அதன் இரட்டை நோக்கம். ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிறச் சீட்டு வாங்கினால், 50 சென்ட் மதிப்புள்ள நீலச் சீட்டு இலவசம். நீலச் சீட்டுக்கு உபரிப் பொருள் மட்டுமே கிடைக்கும். போரில் உபரி தீர்ந்தது. 1943-இல் திட்டமும் நின்றது.

1961-இல் கென்னடி ஆட்சி அதைச் சோதனை முறையில் மீண்டும் தொடங்கியது. 1964-இல் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அதை நிலையாக்கியது. ஆனால் பணம் கொடுத்துத்தான் சீட்டு வாங்க வேண்டும் என்ற விதி தொடர்ந்தது. யாருக்குத் தகுதி என்பதை மாநிலங்கள் தீர்மானித்தன. ஊர் மட்டத்தில் அதைச் செயல்படுத்திய கையே உண்மையான அதிகாரம்.

மிசிசிப்பியில் அந்தக் கை வெள்ளை நிலவுடைமையாளர்களின் ஆட்களிடம் இருந்தது. 1962-இல் லெஃப்ளோர் வட்டாரத்தில் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். வட்டார நிர்வாகம் ஒன்றிய அரசின் உபரி உணவு விநியோகத்தை நிறுத்திவிட்டது. குளிர்காலத்தில் அதை நம்பியிருந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அகிம்சை மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள் வட மாநிலங்களில் உணவு திரட்டி லாரிகளில் கொண்டுவந்தார்கள். வாக்குக் கேட்டவனின் வயிற்றில் அடித்தார்கள். அடிபட்டவர்கள் பின்வாங்கவில்லை. உணவு வாங்க வந்த வரிசையே வாக்குப் பதிவுக்கான வரிசையாக வளர்ந்தது.

பிறகு அங்கே பல வட்டாரங்கள் இலவச உபரி உணவை விட்டு உணவுச் சீட்டுக்கு மாறின. ஆளுக்கு மாதம் 2 டாலராவது கட்ட வேண்டும். பருத்தி எடுக்க இயந்திரம் வந்து, கூலியே இல்லாமல் போன குடும்பங்களின் கையில் அந்த 2 டாலரும் இல்லை. 1967-இல் மரியன் ரைட் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் செனட் குழுவின் முன் இதைச் சொன்னார். செனட்டர்கள் ராபர்ட் கென்னடியும் ஜோசப் கிளார்க்கும் டெல்டா பகுதிக் குடிசைகளுக்கு நேரில் சென்றார்கள். சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற விதி 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கியது. பத்தாண்டுகள் ஆயின.

அந்தப் பத்தாண்டுகளில் காத்திருக்காதவர்களும் இருந்தார்கள். 1969 ஜனவரியில் ஓக்லண்ட் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் பிளாக் பாந்தர் கட்சி பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு பரிமாறத் தொடங்கியது. பிள்ளையின் தகப்பன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று அங்கே யாரும் சான்று கேட்கவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1972-இல், மும்பையில் நம் தோழர்கள் தலித் பாந்தர் என்று பெயர் சூட்டிக்கொண்டபோது எடுத்துக்கொண்டது அந்தப் பெயரைத்தான். போர்க்குணம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தப் பாந்தர்கள் விடியற்காலையில் எழுந்து பிள்ளைகளுக்குச் சமைத்ததையும் சேர்த்துப் பேச வேண்டும்.

யார் குடும்பம், யார் அயலார்

1971-இல் அமெரிக்க நாடாளுமன்றம் குடும்பம் என்ற சொல்லையே மாற்றியது. ரத்த உறவோ மண உறவோ இல்லாத ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கே உணவுச் சீட்டு இல்லை என்றது. ஹிப்பிகளின் கூட்டு வாழ்க்கையைக் குறிவைத்த திருத்தம் அது. அடிபட்டவர்கள் வேறு ஆட்கள். மொரேனோ என்ற நீரிழிவு நோயாளி, தன்னைப் பராமரித்த பெண்ணோடும் அவர் மூன்று பிள்ளைகளோடும் வாடகையைப் பகிர்ந்து வாழ்ந்தவர். இருவரும் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளியவர்கள். தனியே வாழ வசதியில்லாததால் சேர்ந்து வாழ்ந்தார்கள். சேர்ந்து வாழ்ந்ததால் உணவு போனது. 1973-இல் உச்ச நீதிமன்றம் இந்த விதியை அடித்தது. பிடிக்காத ஒரு கூட்டத்தைத் துன்புறுத்தும் விருப்பம் மட்டும் அரசின் நியாயமான நோக்கமாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

குடியுரிமைக் கேள்வியில் அதே நீதிமன்றம் இரண்டு முகம் காட்டியது. அரிசோனா மாநிலம், குடியுரிமை இல்லாதவர் 15 ஆண்டுகள் வசித்திருந்தால்தான் உதவி என்று விதித்திருந்தது. 1971-இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அவர்களும் வரி கட்டுகிறார்கள், ராணுவத்துக்கும் அழைக்கப்படுகிறார்கள் என்று காரணம் சொன்னது. 1976-இல் முதியோர் மருத்துவக் காப்பீடு தொடர்பான வழக்கில், ஒன்றிய அரசு அப்படி வேறுபடுத்தலாம் என்றது. மாநிலம் செய்யக் கூடாத பாகுபாட்டை நாடாளுமன்றம் செய்யலாம் என்பதாக முடிந்தது. அடுத்த ஆண்டே வந்த 1977-ஆம் ஆண்டு உணவுச் சீட்டுச் சட்டம், பணம் கட்டும் விதியை நீக்கிய அதே கையால், குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களும் வேறு சில வகையினரும் மட்டுமே தகுதியானவர்கள் என்று எழுதியது. தகுதியற்றவரின் வருமானத்தைக் குடும்பக் கணக்கில் சேர்க்கும் ஏற்பாடும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. நான் முதலில் சொன்ன இரண்டு கணக்கின் பிறப்பிடம் அது. ஒரு ஏழைக்குக் கதவு திறந்தபோதே இன்னொரு ஏழைக்கு அது சாத்தப்பட்டது.

1996

1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் கிளின்டன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை அடி ஆவணமற்றோருக்கு. இப்போது கிரீன் கார்டோடு, எல்லா ஆவணத்தோடும் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கும் உணவுச் சீட்டு நின்றது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் உதவியை இழந்தார்கள். அந்தச் சட்டத்தால் அரசு சேமிக்க எண்ணிய தொகையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல், குடியேறியவர்களின் தட்டிலிருந்தும் மருந்திலிருந்தும் எடுக்கப்பட்டது. வாக்கு இல்லாதவரிடம் எடுப்பது எளிது.

விதிவிலக்கு வேண்டுமானால் 40 காலாண்டு வேலையைப் பதிவேட்டில் காட்ட வேண்டும். அதாவது பத்தாண்டுகள். பதிவேடு இல்லாமல் ரொக்கமாகக் கூலி வாங்கியவனின் வேலை அந்தப் பதிவேட்டில் ஏறாது. தோட்டத்தில் பழம் பறித்தவனும் வீட்டில் பிள்ளை வளர்த்தவளும் உழைக்காதவர்களானார்கள். கூடவே, குடியேறியவரை அழைத்துவந்த ஸ்பான்சரின் வருமானத்தையும் இவருடைய வருமானமாகக் கருதும் விதி கடுமையாக்கப்பட்டது. வேறு வீட்டில் வாழும் ஒருவரின் பணம், கைக்கு வராமலேயே, இந்த வீட்டின் கணக்கில் ஏறியது. குடும்பத்துக்குள் இருப்பவனின் வயிற்றை நீக்கவும், குடும்பத்துக்கு வெளியே இருப்பவனின் பணத்தைச் சேர்க்கவும் ஒரே படிவம் பயன்பட்டது.

எதிர்ப்பு எழுந்தது. 1998-இல், 1996 ஆகஸ்ட் 22-க்கு முன் வந்திருந்த குழந்தைகள், முதியோர், உடல் ஊனமுற்றோருக்கு உதவி திரும்பியது. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைக்கு உதவிய ஹ்மாங் மக்களுக்கும் திரும்பியது. 2002-இல் எல்லாக் குழந்தைகளுக்கும், தகுதியான நிலையில் ஐந்தாண்டுகள் வாழ்ந்த பெரியவர்களுக்கும் வழி பிறந்தது. எழுதப்பட்ட விதியைத் திருப்பி எழுத முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் ஐந்தாண்டுக் காத்திருப்பு நிலைத்துவிட்டது. பசிக்கு ஐந்தாண்டு தவணை.

அச்சம் என்ற வாயிற்காப்போன்

சட்டம் தகுதி தந்தாலும் அச்சம் விடுவதில்லை. தனக்கென உதவி கேட்காத பெற்றோர், பிள்ளைக்காக விண்ணப்பிக்கும்போது தம் குடியேற்ற நிலையைச் சொல்லத் தேவையில்லை. வருமானத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஆனால் வருமானத்தைச் சொல்வதென்றால் எங்கே வேலை, யாரிடம் வேலை என்பதைச் சொல்வது. அதைச் சொல்லப் பயந்து பிள்ளையின் உரிமையை விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. 2019-இல் டிரம்ப் ஆட்சி, உணவு உதவி பெற்றிருப்பதையும் அரசுக்குப் பாரமாகும் அடையாளமாக எண்ணி, கிரீன் கார்டு மறுக்கலாம் என்று விதி கொண்டுவந்தது. 1882-இன் பழைய ஆயுதம் மீண்டும் தீட்டப்பட்டது. 2021-இல் அந்த விதி கைவிடப்பட்டாலும் அது விதைத்த பயம் உடனே போய்விடவில்லை.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இன்னும் ஒரு படி போனது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம்கூட அகதிகளுக்குச் சில ஆண்டுகளாவது உணவு உதவியை விட்டுவைத்தது. புதிய சட்டம், அகதி, தஞ்சம் பெற்றவர், ஆள்கடத்தலுக்கு ஆளாகி மீட்கப்பட்டவர் ஆகியோரை அந்த நிலையின் அடிப்படையில் தகுதியுள்ளோர் பட்டியலிலிருந்தே நீக்கியது. அதே ஆண்டில் ஒன்றிய விவசாயத் துறை பயனாளிகளின் விவரங்களை மாநிலங்களிடம் கேட்டது. பல மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. ஸ்னாப் பயனாளிகளில் குடியுரிமை இல்லாதவர் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இவ்வளவு சட்டமும் அந்த ஐந்து பேரைச் சுற்றித்தான்.

அந்த நாட்டின் உணவை யார் விளைவிக்கிறார்கள்? 1942 முதல் 1964 வரை பிராசெரோ என்ற ஏற்பாட்டின் கீழ் மெக்சிகோ தொழிலாளர்களோடு 46 லட்சம் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. இன்று பயிர்த் தொழிலாளர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் ஆவணமற்றவர்கள். தக்காளி பறிக்கும் கைக்குத் தக்காளி வாங்க உதவி இல்லை. நெல் விளைவித்தும் நெல்லுக்குக் கையேந்திய நம் முன்னோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேறு வழியே இல்லையா? அந்த நாட்டிலேயே இருக்கிறது. 1946-இல் சட்டமான பள்ளி மதிய உணவுத் திட்டம் பிள்ளையின் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை. கருவுற்ற தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் 1972-இல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்திலும் குடியேற்ற நிலை தடையாக நிற்பதில்லை. இரண்டிலும் வருமானக் கணக்கு உண்டு. ஆனால் யார் என்று கேட்காமல் சோறு போட அந்த அரசுக்குத் தெரியும். மற்ற இடத்தில் கேட்பது நிர்வாகத் தேவையால் அல்ல, அரசியல் தேர்வால்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். எந்த நாட்டு நலத்திட்டத்தின் விதியைப் படித்தாலும், இங்கே உள்ளதைப் படித்தாலும், மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய உழைப்பு வருமானமாக எண்ணப்படுகிறது? யாருடைய வயிறு எண்ணப்படுகிறது? எண்ணும் பேனா யார் கையில் இருக்கிறது? மூன்றுக்கும் விடை ஒரே கூட்டத்தைக் காட்டவில்லை என்றால் அந்தக் கணக்கில் தவறு இருக்கிறது. மிசிசிப்பியின் 2 டாலர் விதியையும், மொரேனோவின் வீட்டைக் குடும்பமல்ல என்ற விதியையும், 1996-இன் தடையில் ஒரு பகுதியையும் மாற்றியவர்கள், அந்தக் கணக்கைத் தலைவிதி என்று ஏற்காதவர்கள். ஒரே உலைக்கு ஒரே கணக்கு என்ற கோரிக்கை அங்கே இன்னும் நிறைவேறவில்லை. அதைக் கேட்பவர்களின் பக்கம் நாம் நிற்கிறோம்.

ஜெய்பீம்.